விரல் சோதனை: சரி

அக்டோபர் 6, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது டாக்டரம்மா. தினமும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்று எழுத வேண்டுமாம். அடுத்த மாதம் வரும்போது கையோடு கொண்டுவர வேண்டுமாம். அட்டையில் 'திருமதி குமுதவல்லி, வயது 53' என்று அவளே எழுதி, அடியில் கோடு வேறு போட்டுக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கம்பெனியின் குவாலிட்டி டிபார்ட்மென்டை நடத்துகிறேன். எனக்கு ரெக்கார்டு எழுதச் சொல்லித் தருகிறாள், என் மகள் வயதுகூட இருக்காது.

சர்க்கரை: பார்க்கவில்லை. சாப்பிட்டது: நாலு இட்லி. நடந்தது: டாக்டர் ரூமிலிருந்து ஆட்டோ வரைக்கும்.

மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. காகிதத்தை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சுற்றி இருக்கிற முட்டாள்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஒரு நோட்டு போதாது. இருக்கட்டும், இதில் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு எழுதலாம்.

அக்டோபர் 8, புதன்

சர்க்கரை: பார்க்கவில்லை.

முதலாளி நல்லசிவம் கையில் மைசூர்பாக்கோடு வந்தார். பெரிய ஆர்டர் வந்தால் அவருக்கு நடை மாறிவிடும். பெங்களூரில் பச்சைக்குழந்தைகளுக்கு மூச்சு உதவி மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று நம்மிடம் வால்வுத் தகடு கேட்டிருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டம். ஸ்டீல். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நடுவில் மூன்று வளைந்த கைகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய இடைவெளி. குறைமாதக் குழந்தை ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் அந்தத் தகடு ஒரு தரம் எழும்பி உட்கார வேண்டும். நிமிஷத்துக்கு ஐம்பது தடவை, மாதக்கணக்கில். வெட்டின ஓரத்தில் பிசிறு இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பிசிறு உதிர்ந்தால் காற்றோடு குழந்தையின் நெஞ்சுக்குள் போகும்.

எந்த முறையில் வெட்டுவது என்று தீர்மானிப்பது நான். என் கையெழுத்து விழுந்த முறையில் வெட்டினது மட்டும்தான் பெங்களூருக்குப் போகும். ஏன் நான் என்றால், என் விரல். ஓரத்தில் ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுத்தால் பிசிறு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கஸ்டமரின் மெஷின் பாஸ் பண்ணின ஒரு லாட் சரக்கை என் விரல் நிறுத்தியது. பிரித்துப் பார்த்தால் பாதி பிசிறு. அன்றைக்கே நல்லசிவம் இன்ஸ்பெக்ஷன் ஃபாரத்தில் 'விரல் சோதனை' என்று ஒரு கட்டம் தனியாக அச்சடித்துவிட்டார். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேறு எந்த கம்பெனி ஃபாரத்திலும் இந்தக் கட்டம் கிடையாது. மற்றவர்களுக்கு அந்த மாதிரி விரலும் கிடையாது.

மைசூர்பாக்கு இரண்டு துண்டு. நெய் பத்தவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் இன்று வரவில்லை. கேஸ் புக் பண்ணினேன். சர்க்கரை: பார்க்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நல்லசிவத்தின் மைத்துனன் சம்பத்குமார் வந்தான். பின்தெருவில் லேசர் கட்டிங் ஷெட் போட்டிருக்கிறானே, அவன்தான். ஆள் வருவதற்கு முன்னால் அவன் சென்ட் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். எதைக் கேட்டாலும் "லேசர்ல முடியாதது என்னங்க மேடம் இருக்குது?" என்பான். லேசரால் முடியாதது இவன் வாயை மூடுவது.

அவனிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். லேசர் வெட்டுவதில்லை, உருக்குகிறது. உருகினது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? கனமான தகட்டில் அது காற்றோடு பறந்துவிடும். மெல்லிய தகட்டில் அடிப்பக்கத்தில் பொட்டுப்பொட்டாக ஒட்டிக்கொண்டு உறையும். சூட்டில் தகடு அப்பளம் போல நெளியும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவன் மெஷின் புதுசு, அந்தப் பிரச்சினையெல்லாம் பழைய மெஷினில்தான் என்றான். மெஷின் கம்பெனிக்காரன் சொன்னதை வாந்தி எடுக்கிறான். சாம்பிள் வெட்டிக் கொண்டுவா, பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

சர்க்கரை: 140 இருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

பெனாசிர் என்று ஒரு பெண் எனக்குக் கீழே இன்ஜினியர். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் ஒரு நிமிஷம் யோசிப்பாள். எனக்கு யோசிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது, தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே.

இவள் எட்சிங் என்று பாட்டுப் பாடுகிறாள். தகட்டின் மேல் படச்சுருள் மாதிரி ஒரு பூச்சு, வேண்டிய இடத்தை மறைத்து வெளிச்சம் காட்டுவது, பிறகு மறைக்காத இடத்தை ஆசிட் இரண்டு பக்கமும் கரைத்துவிடும். சூடு இல்லை, அழுத்தம் இல்லை, ஆகவே பிசிறும் இல்லை. ஓசூர் பக்கம் ஒருவர் செய்கிறாராம். ஆசிட் ஊற்றிக் கரைப்பது பாத்ரூம் கழுவுகிற வேலை, அதை ஒரு கட்டிங் முறை என்று என் மேஜைக்குக் கொண்டுவருகிறாய் என்றேன். முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் போகாமல் நின்றாள். சாம்பிள் வரவழைக்கட்டுமா மேடம் என்று கேட்டாள். வரவழைத்துக்கொள் என்றேன். தோற்பதற்கும் ஒரு சாம்பிள் வேண்டுமே.

மற்ற இரண்டு வழிகளும் நம் டூல்ரூமிலேயே இருக்கின்றன. ஒன்று பிரஸ், அச்சு வைத்துத் தகட்டை அடித்து வெட்டுவது: அச்சு செய்யவே மூன்று மாதம் ஆகும், அச்சு தேயத் தேயப் பிசிறு வளரும். இன்னொன்று வயர்கட்: ஐம்பது தகட்டைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, மின்சாரம் ஓடும் கம்பியால் ஒரேயடியாக அறுப்பது. சுத்தமாக வரும். ஆனால் ஒவ்வொரு இடைவெளிக்கும் துளை போட்டுக் கம்பியைக் கோர்த்து, ஒரு கட்டு முடிவதற்குள் கோர்க்கிறவனுக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும்.

சர்க்கரை: 138.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அதிரசம் நான் சுட்டது. ஜாங்கிரி பக்கத்து வீடு. லட்டு கம்பெனி. எல்லாம் ஒவ்வொன்றுதான். ஒவ்வொன்று என்று எழுதினால் டாக்டரம்மாவுக்குப் போதும்.

அக்டோபர் 23, வியாழன்

வீட்டுக்காரர் சர்க்கரை பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பேங்கில் ரிட்டயர் ஆனதிலிருந்து மனிதருக்கு நான்தான் வேலை. விரலை நீட்டினேன். ஊசி குத்தியதே தெரியவில்லை. மெஷின் நல்ல மெஷின் என்று சொல்ல வேண்டும். வலிக்கவில்லையா, வலிக்கவில்லையா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வலிக்காததற்கும் ஒரு விசாரணை.

மெஷின் என்னமோ காட்டியது. பண்டிகை வாரத்தில் பார்ப்பது கணக்கில் வராது. சர்க்கரை: 142.

அக்டோபர் 28, செவ்வாய்

நான்கு முறையிலும் வெட்டின சாம்பிள் வந்துவிட்டது. பிரஸ் சாம்பிள் மட்டும் டூல்ரூமில் பழைய அச்சைத் தேய்த்துச் சரிபண்ணி அடித்தது. பெயர் எழுதாமல் நான்கு கவரில் போட்டு, ஏ, பி, சி, டி என்று மட்டும் எழுதச் சொன்னேன். எது யாருடையது என்று எனக்கே தெரியக்கூடாது. இந்த கம்பெனியில் நியாயம் என்று ஒன்று இருப்பது என் மேஜையில் மட்டும்தான்.

இன்ஸ்பெக்ஷனில் இருக்கிற தெய்வானை ட்ரேயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடவே ஒரு பொட்டலம் பஞ்சையும் வைத்தாள். ஓரத்தில் பஞ்சை இழுத்தால் பிசிறு இருக்கிற இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும், அதற்கு. விரல் இருக்கிற இடத்தில் பஞ்சு எதற்கு என்று திருப்பிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போகாமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். ஒரு தரம் சொன்னால் மண்டையில் ஏறாது.

நாற்பது தகடு. ஒவ்வொன்றையும் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். ஏ வெண்ணெய். பி வெண்ணெய். சி, டி எல்லாம் வெண்ணெய். ஒன்றில்கூடப் பிசிறு இல்லை. கவரைப் பிரித்துப் பெயரைப் பார்த்ததும் பெனாசிர் லேசர் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது மேடம் என்றாள். உனக்கு ஆச்சரியம், எனக்கு அனுபவம் என்றேன்.

நான்கு கட்டத்திலும் 'விரல் சோதனை: சரி'. கையெழுத்து.

சர்க்கரை: 145.

அக்டோபர் 29, புதன்

பெனாசிர் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை என் மேஜையில் பரப்பினாள். லேசர் தகட்டின் அடிப்பக்கம் பூராவும் சின்னச் சின்ன உருண்டை, ஊசி. எட்சிங் ஓரம் சுத்தம். வயர்கட் சுத்தம். பிரஸ் பரவாயில்லை.

அந்த மைக்ராஸ்கோப்பில் என் முகத்தை வைத்தால் ஆனைமலையும் தெரியும் என்றேன். சிரிக்கவில்லை. "மேடம், இன்னொரு தடவ தொட்டுப் பாருங்க, ப்ளீஸ்" என்றாள். என்னை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். இந்தக் கம்பெனியில் என் தீர்ப்பை யாரும் மறுபடி கேட்டதில்லை, முதலாளி உட்பட. வெளியே போ என்று கத்தவில்லை. கதவைக் காட்டினேன், அவ்வளவுதான்.

நவம்பர் 1, சனி

லேசர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான்கிலும் பிசிறு இல்லை என்றால் சீக்கிரம் கிடைப்பதுதானே முறை? பிரஸ்ஸுக்கு மூன்று மாதம், வயர்கட் ஆமை, எட்சிங் ஓசூரிலிருந்து வர வேண்டும். லேசர் பின்தெரு. சம்பத்குமார் முட்டாள்தான். ஆனால் தான் முட்டாள் என்று அவனுக்கே கொஞ்சம் தெரியும். பெனாசிர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிற ரகம். அந்த ரகத்துக்கு ஒரு தரமாவது தோல்வி காட்டிவிட வேண்டும், பின்னால் அவர்களுக்கே நல்லது.

சம்பத்குமார் முன்னூறு தகடு வெட்டி, என்னிடம் பத்தைக் காட்டிவிட்டு, தன் ஷெட்டிலிருந்தே நேராக பெங்களூருக்கு அனுப்பிவிட்டான். பத்தாம் தேதி திங்கட்கிழமை ஒரு ஆஸ்பத்திரியில் பத்து மெஷின் வைக்கிறார்களாம், அதற்கு. அவசரம் என்றால் ஆள் பறக்கிறான்.

நவம்பர் 3, திங்கள்

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது கால் செருப்பு இல்லை. நடக்கிறவள் காலிலிருந்தே செருப்பை உருவுகிற திருடர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு வழி நெடுகத் தேடப்போனார். ரேஷன் கடை முனையில் தனியாகக் கிடந்தது என்று கொண்டுவந்தார். ஒற்றைச் செருப்பு என்பதால் திருடன் போட்டுவிட்டுப் போயிருப்பான். அவர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பாருக்கு உப்பு பத்தவில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 5, புதன்

பெனாசிர் என் தலைக்கு மேலே ஏறி நல்லசிவத்திடம் படங்களைக் காட்டிவிட்டாள். இரண்டு வருஷம் சோறு போட்ட கைக்கு இதுதான் மரியாதை. அவர் எல்லோரையும் கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர், சம்பத்குமார், பெனாசிர், நான். சாம்பிள் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு தெய்வானை.

படத்தையெல்லாம் ஒதுக்கித் தள்ளினேன். லேசர் தகடு ஒன்றை எடுத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஓரம் முழுக்க விரலை இழுத்தேன். ஒரு தரம் அல்ல, மூன்று சுற்று. இழுத்துக்கொண்டே பேசினேன். இருபத்திரண்டு வருஷம், எத்தனை லாட், எத்தனை கஸ்டமர், மெஷினை நம்பிக் கெட்டவர்கள் யார் யார், எல்லாம். ரூம் அப்படியே அமைதியாகிவிட்டது. சம்பத்குமார்கூட வாயைத் திறந்தபடி இருந்தான். என் பேச்சுக்குத்தான் என்று நினைத்தேன். நான் அவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் துணியைப் பார்த்தேன். துணி முழுக்க ரத்தம். மேஜை விளிம்பிலும் வழிந்திருந்தது. விரல் நுனி இரண்டு இடத்தில் பிளந்து திறந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை, கட்டுப் போட்ட விரலால்தான் எழுதுகிறேன்.

தெய்வானை சேலை மடிப்பிலிருந்து பேண்டேஜை எடுத்தாள். தேடவில்லை, ஓடிப்போய் வாங்கவில்லை. தயாராக வைத்திருந்தாள்.

சர்க்கரை எழுதவில்லை.

நவம்பர் 6, வியாழன்

காலையில் தெய்வானையைத் தனியாகக் கூப்பிட்டு, பேண்டேஜ் எப்படித் தயாராக இருந்தது என்று கேட்டேன். மறைக்கத் தெரியாதவள், கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"உங்க விரல்ல ரத்தம் வர்றது இது நாலாவது தடவைங்க மேடம். முன்னெல்லாம் நீங்க பாக்கறதுக்குள்ள தகட்டுல பட்டத நாங்களே தொடச்சு உட்ருவோம். ஆடி மாசத்துல இருந்து, நீங்க சரின்னு வெக்கற ட்ரேய இன்ஸ்பெக்ஷன்ல நாங்க மூணு பேரும் பஞ்சுல இழுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்பறோம்."

நாலு மாதமாக என் டிபார்ட்மென்டை மூன்று பொம்பளைகள் பஞ்சை வைத்து நடத்தியிருக்கிறார்கள். நான் அதற்கு மேலே உட்கார்ந்து எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட யாருங்க மேடம் சொல்லுவாங்க?"

அனுப்பிவிட்டேன். சம்பத்குமார் அனுப்பின முன்னூறு தகடு அவர்கள் பஞ்சைத் தாண்டிப் போகவில்லை. அது நேராகப் போய்விட்டது, என் கையெழுத்தோடு.

நவம்பர் 7, வெள்ளி

சர்க்கரை: 318. இது மெஷின் காட்டியது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார், நான் மறைக்கவில்லை.

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். 140 இருக்கும். 138. 142. 145. ஒரு நாளைத் தவிர ஊசி குத்திப் பார்த்ததில்லை, தீபாவளி வாரத்தில் குத்திப் பார்த்த அந்த ஒரு நாளிலும் மெஷின் காட்டியதை எழுதவில்லை. அன்று அது 291. என்னிடம் எவனாவது இப்படி ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்திருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். இவ்வளவு கேவலமான ஒரு ஆளை யார் வேலைக்கு வைத்தது என்று நாலு பேர் முன்னால் கேட்டிருப்பேன்.

பத்து மணிக்கு மறுபடி அதே ரூம், அதே ஆட்கள். வெட்டுகிற முறைக்குப் புது ஃபாரம் போட்டோம். எட்சிங். கையெழுத்து பெனாசிருடையது. விரல் சோதனைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். நான் சொல்லித்தான் இழுத்தாள்.

அடுத்து சிவப்பு ஃபாரம். எங்கள் கம்பெனியில் ஒரு அளவுக் கருவி கெட்டுவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்கிவிடுவோம். அதோடு முடியாது. அது கெட்டுப்போன தேதி எது என்று பார்த்து, அந்தத் தேதியிலிருந்து அதை வைத்துப் பாஸ் பண்ணின எல்லா லாட்டையும் திரும்பக் கூப்பிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது நானே. ஒரு தடவை மைக்ரோமீட்டரைக் கீழே போட்டதை மறைத்தான் என்று ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

கருவியின் பெயர் என்ற இடத்தில் பெனாசிர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். வலது கை ஆள்காட்டி விரல் என்று எழுது என்றேன். எழுதினாள். தேதி என்ன போடட்டும் என்று கேட்டாள்.

நல்லசிவம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "புதன்கெழமைன்னே போட்டுக்கலாங்க மேடம். அன்னைக்குத்தான தெரிஞ்சுது? பெங்களூர்க்காரங்ககிட்ட பேக்கிங்ல ஏதோன்னு சொல்லி அந்த முன்னூற மட்டும் வாங்கிக்கலாம்" என்றார். மோசமான மனிதர் இல்லை, பயந்த மனிதர். சம்பத்குமார் வேகவேகமாகத் தலையாட்டினான். தெய்வானை மட்டும் ஆடிங்க, ஆடி மாசம், என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், ஏசுவேனோ என்று.

பேனாவை வாங்கி நானே எழுதினேன். பிப்ரவரி 11.

பெனாசிர் ஒரு நிமிஷம் யோசித்தாள். "இந்தத் தேதி எப்படிங்க மேடம் அவ்வளவு கரெக்டா?"

சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் பம்ப்புக்குப் போகிற தகடு ஒன்று. ஓரத்தில் பிசிறு பளபளவென்று இருந்தது, கண்ணுக்கே தெரிந்தது. விரலை இழுத்தேன், விரலுக்குத் தெரியவில்லை. மறுபடி இழுத்தேன். இடது கையால் இழுத்தேன். அதற்கும் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஊக்கை எடுத்து விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். பிறகு ட்யூப் லைட் சரியில்லை என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏசிவிட்டு, அந்தத் தகட்டுக்கு 'சரி' என்று எழுதினேன்.

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிப்ரவரியிலிருந்து போன லாட்டையெல்லாம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?" என்றாள் பெனாசிர். குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றேன்.

அங்கேயே, அவர்கள் முன்னால், பெங்களூருக்கு போன் போட்டேன். முன்னூறு தகட்டில் ஒன்றைக்கூட மெஷினில் மாட்ட வேண்டாம், மாட்டியிருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன்.